மொபிலிட்டி ஸ்கூட்டர் வீட்டுக்குள்ளா, வெளியிலா? பிரிட்டனில் வாங்க நினைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முழங்கால் தேய்ந்து என் தாயாரின் நடை சுருங்கியபோது நாங்கள் வாங்கிய முதல் ஸ்கூட்டர் தவறானது. இரண்டாவது சரியாக அமைந்தது. கிழக்கு லண்டனில் எங்கள் பகுதி முதியோர் சந்திப்பில் இந்தக் கதை பரவிய பிறகு, பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பலர் ஏறத்தாழ ஒரே ஐயங்களுடன் என்னிடம் வந்தார்கள். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. சட்டமும் சலுகைகளும் பிரிட்டனுக்குரியவை. அளவுகளையும் பேட்டரியையும் பற்றிச் சொல்பவை எங்கும் பொருந்தும்.

ஸ்கூட்டர் என்றால் லைசன்ஸ் வேண்டுமே? அப்பாவுக்கு 78 வயது, இனிப் போய்த் தேர்வு எழுதுவதா?

வேண்டாம். இது ஊரில் நாம் ஓட்டிய இரு சக்கர வண்டி அன்று. இருக்கையில் அமர்ந்து, முன்னால் உள்ள கைப்பிடியைத் திருப்பி, விரலால் ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி ஓட்டும் மூன்று அல்லது நான்கு சக்கர மின்வண்டி. உரிமமும் இல்லை, தேர்வும் இல்லை, சாலை வரியும் கட்ட வேண்டியதில்லை. காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், கூட்டமான நடைபாதையில் யார் காலிலாவது ஏற்றிவிட்டால் கேட்கப்படும் இழப்பீட்டை எண்ணி, நான் அதைக் கட்டாயமாகவே கருதுகிறேன்.

சட்டம் இவற்றை இரண்டு வகுப்புகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகுப்பு வண்டி மணிக்கு 4 மைல் வேகத்துக்கு மேல் போகாது. அது நடைபாதைக்குரியது, நடைபாதை இல்லாத இடத்திலும் குறுக்கே கடக்கும்போதும் மட்டுமே சாலையில் இறங்கலாம். மூன்றாம் வகுப்பு வண்டி சாலையில் 8 மைல் வரை போகலாம், நடைபாதையில் ஏறியதும் 4 மைலுக்குக் குறைக்க வேண்டும். ஓட்டுபவருக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், வண்டியை அரசின் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வில் பதிவு செய்ய வேண்டும். முதல் வகுப்பு என்பது கையால் தள்ளும் சக்கர நாற்காலி என்பதால் அதைப் பற்றிய பேச்சு இங்கு இல்லை. பார்வைக்குச் சட்ட வரம்பு எதுவும் இல்லை, ஆனால் 12.3 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் எண்பலகையைப் படிக்க முடிய வேண்டும் என்பது அரசின் அறிவுரை. கடைக்குப் போகும் முன் தெருவில் நின்று இதைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்குள்ளும் ஓட்டலாம், வெளியிலும் ஓட்டலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்லவில்லை. ‘உள்ளே’ என்ற சொல்லுக்கு அவர் கொள்ளும் பொருள் வேறு. பேரங்காடியின் வழவழப்பான தரை, மருத்துவமனையின் அகன்ற நடைகூடம், ஷாப்பிங் சென்டர் ஆகியவைதான் அவருக்கு உட்புறம். நமக்கோ உட்புறம் என்பது வாசலிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து கழிவறைக்கும் போய் வருவது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ உள்ள ஒரு பழைய தொடர்வீட்டின் நடைகூடம் பெரும்பாலும் 90 சென்டிமீட்டர் அகலமே இருக்கும். அறைக் கதவுகளின் பலகை 76 சென்டிமீட்டர், சில வீடுகளில் கழிவறைக் கதவு அதைவிடவும் குறைவு. கதவின் தடிப்பும் கீலும் போக, உண்மையில் கிடைக்கும் வழி இன்னும் ஒடுங்கியது.

சிறிய ஸ்கூட்டரின் அகலம் 50 முதல் 55 சென்டிமீட்டர்தானே, நுழைந்துவிடுமே என்று தோன்றும். நேராகப் போனால் நுழையும். ஆனால் அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர், சிறிய நான்கு சக்கர வண்டியின் திரும்பு ஆரமும் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல். 90 சென்டிமீட்டர் நடைகூடத்திலிருந்து பக்கவாட்டில் உள்ள ஒரு கதவுக்குள் அது திரும்பவே முடியாது. உள்ளே போன வண்டி வெளியே வரும்போது பின்னோக்கியே வர வேண்டியிருக்கும். ஆகவே என் கருத்து இது: பங்களாவோ புதிய அகலமான பிளாட்டோ இல்லாதவர்கள், வீட்டுக்குள் ஓட்டுவதற்கென்று ஸ்கூட்டர் வாங்க வேண்டாம்.

அப்படியானால் வீட்டுக்குள் நடக்கவே முடியாத ஒருவருக்கு என்ன வழி?

அவருக்கு வேண்டியது மின் சக்கர நாற்காலி. ஸ்கூட்டர் ஓட்டுபவர் சில அடிகளாவது நடந்து ஏறி இறங்கவும், முதுகு தாங்கி நேராக உட்காரவும், இரு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடிக்கவும் இயலுபவர் என்ற எண்ணத்திலேயே அது வடிவமைக்கப்படுகிறது. மின் நாற்காலியோ கைப்பிடியில் உள்ள ஒரு சிறு ஜாய்ஸ்டிக்கால் இயங்குகிறது. நடுச்சக்கரத்தால் இயங்கும் வகை நின்ற இடத்திலேயே சுழலும், உணவு மேசைக்கு அடியிலும் நுழையும்.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. தேசிய சுகாதார சேவையின் சக்கர நாற்காலிப் பிரிவு, வீட்டுக்குள் நடமாட இயலாதவரை மதிப்பிட்டு மின் நாற்காலி வழங்கக்கூடும்; ஸ்கூட்டரைப் பொதுவாக வழங்குவதில்லை. குடும்ப மருத்துவர் மூலம் அப்பிரிவையும், கவுன்சில் மூலம் தொழில்வழி சிகிச்சையாளரையும் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அணுகிய பிறகே சொந்தப் பணத்தைச் செலவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன் எதையெதை அளக்க வேண்டும்?

வாசல் கதவைத் திறந்து வைத்து, இரு பக்கத்துக்கும் இடையே உண்மையில் கிடைக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். வாசற்படியின் உயரம், முன்கேட்டின் அகலம், பக்கச் சந்து இருந்தால் அதன் மிக ஒடுங்கிய இடம், வண்டி நிற்கப்போகும் இடத்தின் நீள அகலம், அங்கிருந்து மின்செருகிக்கு உள்ள தூரம் ஆகியவையும் வேண்டும். ஓட்டுபவரின் எடையோடு குளிர்காலக் கோட்டையும் அரிசிப் பையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இங்கே வண்டிகளின் சுமைத் திறனைப் பெரும்பாலும் ‘ஸ்டோன்’ கணக்கில் எழுதுவார்கள். ஒரு ஸ்டோன் 6.35 கிலோ, ஆகவே 18 ஸ்டோன் வண்டி 114 கிலோ வரை தாங்கும்.

எங்கள் முதல் தவறு இங்குதான் நேர்ந்தது. வீட்டுக்கே வந்து விற்ற ஒருவர் கதவை அளந்தார், சரி என்றார். முன்கேட்டை அவரும் அளக்கவில்லை, நாங்களும் அளக்கவில்லை. கேட் 64 சென்டிமீட்டர், வண்டி 66.

வாசலில் ஒரே ஒரு படிதான். சாய்தளம் போட்டால் போதாதா?

போதும், இடம் இருந்தால். பாதுகாப்பான சாய்தளத்துக்குப் பொதுவான விகிதம் 1:12. அதாவது 5 சென்டிமீட்டர் நிலைப்படிக்கு 60 சென்டிமீட்டர் பலகை போதும். 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் வேண்டும், வீட்டின் முன் ஒரு மீட்டர் முற்றம் மட்டுமே உள்ள தொடர்வீட்டில் அது நடைபாதைக்கே நீண்டுவிடும். ‘வண்டி ஏறிவிடும்’ என்று சொல்லிச் செங்குத்தான குட்டைப் பலகையை விற்பவர்கள் உண்டு. வண்டி ஏறலாம், பின்பக்கம் சரியும் அச்சத்தில் அம்மா அதில் ஏற மாட்டார்.

மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா?

மூன்று சக்கர வண்டி குறுகிய வட்டத்தில் திரும்பும். முன்னால் கால் நீட்ட இடமும் அதிகம், முழங்கால் மடங்காதவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் சரிவில் குறுக்காகப் போகும்போதோ, வேகத்தைக் குறைக்காமல் திருப்பும்போதோ, ஒரு சக்கரம் நடைபாதை விளிம்பிலிருந்து நழுவும்போதோ கவிழும் வாய்ப்பு அதற்கே அதிகம். லண்டன் நடைபாதைகள் மர வேர்களால் மேடுபள்ளமாகவும், வீட்டு வாகன வழிகள் உள்ள இடங்களில் சாலைப் பக்கம் சரிந்தும் இருக்கின்றன. பெரும்பாலும் வெளியே போவதற்கென்றால் நான்கு சக்கரத்தையே சொல்வேன். கடை, நூலகம் என்று சமதளத்தில் மட்டும் சுழல்பவர்கள் மூன்றை எடுக்கலாம்.

காரின் டிக்கியில் வைக்கலாம் என்கிறார்கள். யார் தூக்குவது?

இதே கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டு, அவர் முன்னிலையில் நீங்களே தூக்கிப் பாருங்கள். டிக்கி ஸ்கூட்டர்கள் நான்கைந்து துண்டுகளாகக் கழலும்; மோட்டார் உள்ள பின்பகுதிதான் மிகக் கனமானது, பல வண்டிகளில் அது 12 முதல் 20 கிலோ வரை இருக்கும். மடக்கும் வண்டிகள் ஒரே துண்டாக மடங்குவதால் எளிது என்று நினைக்கிறோம். ஆனால் அப்போது 20 முதல் 30 கிலோவை ஒருசேரத் தூக்க வேண்டும். கடையில் மகன் தூக்குகிறார், வாரநாளில் 74 வயது அப்பாதான் அம்மாவுக்காகத் தூக்கப்போகிறார் என்றால், எடையை அப்பாவின் கையால் சோதிக்க வேண்டும்.

விளம்பரத்தில் 10 மைல் ஓடும் என்று இருக்கிறது. பாதி வழியில் நின்றுவிடாதா?

அந்தக் கணக்கு புதிய பேட்டரி, சமதளம், மிதமான வெப்பம், எடை குறைந்த ஓட்டுநர் ஆகியவற்றைக் கொண்டு எடுக்கப்படுவது. நான் அதில் பாதியையே நம்புகிறேன். ஏற்றம், அடிக்கடி நின்று புறப்படுதல், பழைய பேட்டரி, குளிர் எல்லாமே அதைக் குறைக்கும். உறைநிலையை நெருங்கும்போது ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். போகும் வழியைவிடத் திரும்பும் வழியில் ஏற்றம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆர்ச்வே முருகன் கோயில் இருப்பது ஹைகேட் மலைச்சரிவில்; அங்கே போகிற வண்டியும் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் ஓடுகிற வண்டியும் ஒன்றாக இருக்க முடியாது.

வண்டி நின்றே போனால் தள்ளிச் செல்ல மோட்டாரை விடுவிக்கும் ஒரு நெம்புகோல் பின்புறம் இருக்கும். சாதாரணமாக விரலை எடுத்ததும் மின்காந்தத் தடை தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பின்புற நெம்புகோலை இயக்கிவிட்டால் பல வண்டிகளில் எந்தத் தடையும் இல்லை. சரிவில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

ஈய பேட்டரியா, லித்தியமா? இரவு முழுதும் சார்ஜில் போட்டு வைக்கலாமா?

ஈய அமில பேட்டரி விலை குறைவு, கனம் அதிகம். காலியாக விட்டுவைத்தால் கெட்டுப்போகும், ஆகவே குறைவாக ஓட்டிய நாளிலும் சார்ஜ் செய்ய வேண்டும். லித்தியம் பேட்டரி கனம் குறைவு, விலை அதிகம். மடக்கும் வண்டிகளில் பெரும்பாலும் அதுதான் வருகிறது. வண்டியுடன் வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்தக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

இரவுச் சார்ஜ் பற்றி இரு தரப்புச் சொல் உண்டு. ஈய பேட்டரி முழுதாக நிறைய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆவதால் தயாரிப்பாளர்கள் பலர் இரவில் போடச் சொல்கிறார்கள். எல்லோரும் உறங்கும் வேளையில் போட வேண்டாம் என்பது தீயணைப்புத் துறையினரின் அறிவுரை. நாங்கள் காலைத் தேநீர் போடும்போது செருகி, மாலையில் எடுக்கிறோம். அம்மா வெளியே போகாத நாட்களை அதற்கேற்ப ஒழுங்கு செய்துகொண்டார்.

எங்கள் பிளாட்டில் பொது நடைகூடத்தில்தான் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தலாமா?

பெரும்பாலும் அனுமதி இல்லை. தீ விபத்தில் எல்லோரும் தப்பி ஓடும் வழி அதுதான். அங்கே எரியும் ஸ்கூட்டர் வழியை அடைத்து நச்சுப் புகையால் நிரப்பிவிடும். வீட்டுச் சங்கமோ கவுன்சிலோ வண்டியை அகற்றச் சொன்னால் வாக்குவாதம் பயன் தராது. வாங்கும் முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள்; தனிக் கொட்டகை உள்ளதா என்றும் கேளுங்கள். எதுவும் இல்லை என்றால், வீட்டுக்குள் அலமாரி ஓரத்தில் நிற்கும் மடக்கும் வண்டி ஒன்றே உங்களுக்குரியது. ஓட்டும் இடத்தைக் காட்டிலும் உறங்கும் இடமே பலருக்கு வண்டியைத் தீர்மானிக்கிறது.

சாலையிலும் ஓடும் பெரிய வண்டியை வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகுமல்லவா?

மூன்றாம் வகுப்பு வண்டி வசதியானதுதான்: பெரிய சக்கரங்கள், அதிர்வைத் தாங்கும் அமைப்பு, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் விளிம்பு வரை ஏறும் திறன், விளக்கு, ஒலிப்பான், கண்ணாடி. சட்டப்படி அது 85 சென்டிமீட்டர் அகலம் வரையும், வெற்று எடை 150 கிலோ வரையும் இருக்கலாம். அந்த எண்களை மேலே சொன்ன கதவளவோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். அதை டிக்கியில் வைக்க முடியாது. பேரங்காடியின் அலமாரிகளுக்கிடையே திருப்புவதும் சிரமம். சாலையில் ஓட்டலாம் என்றாலும் பஸ் தடத்திலும், மிதிவண்டிக்கு மட்டும் ஒதுக்கிய தடத்திலும், மோட்டார்வேயிலும் போகக் கூடாது.

கொட்டகையும் அகலமான கேட்டும் உள்ளவர், கார் ஓட்டுவதை விட்டுவிட்டவர், ஒன்றிரண்டு மைல் தள்ளியுள்ள கடைக்குத் தானே போக விரும்புபவர் ஆகியோருக்கு அதைப்போல் ஒன்று இல்லை. மற்றவர்களின் வீட்டில் அது உறை போர்த்தி மழையில் நிற்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் ஏற்றுவார்களா?

சிறிய இரண்டாம் வகுப்பு வண்டியை மட்டும். 60 சென்டிமீட்டர் அகலம், 100 சென்டிமீட்டர் நீளம் என்ற அளவைத் தாண்டக் கூடாது. லண்டனில் போக்குவரத்துக் கழகத்தின் அங்கீகாரத் திட்டத்தில் சேர்ந்து அட்டை பெற்றுக்கொண்டால் ஓட்டுநரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரயில் நிறுவனங்களுக்குத் தனித்தனி விதிகள் இருப்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

அரசு பணம் தருமா? அம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (முதியோர் பராமரிப்பு உதவித்தொகை) வருகிறது.

இங்கேதான் பலர் ஏமாற்றமடைகிறார்கள். மோட்டபிலிட்டி திட்டத்தில் உதவித்தொகையைக் கொண்டு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்கலாம். காப்பீடும் பழுதுபார்ப்பும் அதிலேயே அடங்கும். ஆனால் அதற்கு, இயலாமை உள்ளவர்களுக்கான பி.ஐ.பி. உதவித்தொகையில் நடமாட்டப் பிரிவின் உயர்ந்த தொகை அல்லது அதற்கிணையான ஒன்று கிடைக்க வேண்டும். அரசு ஓய்வூதிய வயதைக் கடந்தவர் பி.ஐ.பி.க்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அவருக்குரிய அட்டெண்டன்ஸ் அலவன்ஸில் நடமாட்டப் பிரிவே இல்லை. ஆகவே ஓய்வூதிய வயதுக்கு முன்பே நடை கெட்டவர்கள் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் உடனே விண்ணப்பிக்க வேண்டும். முன்பே பெறத் தொடங்கியவருக்கு அது வயதான பிறகும் தொடரலாம். ஸ்காட்லாந்தில் உதவித்தொகைகளின் பெயர்கள் வேறு.

எல்லா வயதினருக்கும் பொருந்துவது 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரிவிலக்கு. நீடித்த நோயோ இயலாமையோ உள்ளவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும்போது, நோயைக் குறிப்பிட்டுக் கடையில் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டால் போதும். முதுமை மட்டுமே காரணமாகாது. மூட்டுவாதமோ நீரிழிவோ என்று குறிப்பிட வேண்டும். விளம்பர விலை வரிவிலக்குக்குப் பின்னானதா, முன்னானதா என்று கேட்காமல் இரு கடைகளின் விலையை ஒப்பிடாதீர்கள்.

அம்மா புடவைதான் கட்டுவார். சக்கரத்தில் சிக்காதா?

சிக்கும். முந்தானையை முன்னால் இழுத்துச் செருக வேண்டும். கொசுவத்தின் அடிப்பகுதி மிதிதளத்தின் விளிம்பைத் தாண்டித் தொங்கக் கூடாது. பின்சக்கரத்துக்கு மூடி உள்ள வண்டியைத் தேர்வது நல்லது. நீண்ட சால்வைக்கும் துப்பட்டாவுக்கும் இதுவே விதி. மடியைச் சுற்றிக் கட்டும் மழைப்போர்வை ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அது புடவையையும் அடக்கி வைக்கிறது, குளிரையும் தடுக்கிறது.

அப்பாவுக்குப் பக்கவாதத்தால் இடது கை பலவீனம். ஓட்ட முடியுமா?

பல வண்டிகளில் முன்னோக்கிச் செல்ல ஒரு பக்க நெம்புகோல், பின்னோக்கிச் செல்ல மறு பக்க நெம்புகோல் என்றிருக்கும். பக்கங்களை மாற்றித் தரவோ, ஒரே கையால் இரண்டையும் இயக்கும்படி செய்யவோ இயலும் வண்டிகள் உண்டு. ஆனால் கையைவிடப் பார்வைப் புலம் முக்கியம். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தில் உள்ளவற்றைக் கவனிக்கத் தவறும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. அது அவர்களுக்கே தெரிவதில்லை. மருத்துவரிடம் இதைக் கேட்டுத் தெளிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

அம்மாவின் வண்டியைப் பேரன் கடைக்கு எடுத்துப் போகலாமா?

கூடாது. நடக்க இயலாதவர் தவிர, பயிற்சி கொடுப்பவரும், செயல்விளக்கம் காட்டுபவரும், பழுதுபார்க்கக் கொண்டு செல்பவரும் மட்டுமே பொது இடத்தில் ஓட்டலாம்.

ஊருக்குப் போகும்போது விமானத்தில் கொண்டு போக முடியுமா?

முடியும், அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் உச்சவரம்பு 300 வாட்மணி. இரண்டு பேட்டரி பொருத்தும் வண்டியில் ஒவ்வொன்றும் 160. கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்மணியால் பெருக்குங்கள். 24 வோல்ட், 11.5 ஆம்பியர்மணி என்றால் 276, போகலாம்; 24 வோல்ட், 20 ஆம்பியர்மணி என்றால் 480, போகாது. கழற்றிய பேட்டரி கைப்பையில் உங்களுடன் வர வேண்டும். எண்களைக் காட்டும் ஒட்டுச்சீட்டு பேட்டரியில் தெளிவாக இருக்கட்டும்.

இலங்கையிலும் இந்தியாவிலும் மின்னழுத்தம் இங்குள்ளதுபோல் 230 வோல்ட் என்பதால் சார்ஜர் வேலை செய்யும். இந்தியாவில் செருகி மாற்றி வேண்டும். ஆனால் 5 சென்டிமீட்டர் விளிம்புக்குத் திணறும் சிறுசக்கர வண்டியை, உயர்ந்த நடைபாதையும் திறந்த வடிகாலும் உள்ள தெருவில் ஓட்ட முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். விமான நிலையத்துக்கும் திருமண மண்டபத்துக்கும் உதவும்.

வாங்கிய பிறகு ஒத்துவரவில்லை என்றால் திருப்பித் தரலாமா?

இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கினாலும், விற்பவர் வீட்டுக்கு வந்து விற்றாலும், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம்; உங்களுக்கென்றே தனியாகச் செய்த வண்டிக்கு இது பொருந்தாது. எங்கள் 66 சென்டிமீட்டர் வண்டி இந்த விதியால்தான் திரும்பிப் போனது. கடைக்குள் நின்று வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை என்பதால், முதலில் ஷாப்மொபிலிட்டி நிலையங்களில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். பல நகர மையங்களிலும் ஷாப்பிங் சென்டர்களிலும் அவை உள்ளன. பழைய வண்டி வாங்குவோர் பேட்டரியின் வயதைக் கேட்டு, புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும். மூன்றாம் வகுப்பு என்றால் பதிவுப் புத்தகத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்பா ஓட்டும் நிலையில் இல்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அவர் ஒத்துக்கொள்வதில்லை. என்ன செய்வது?

உரிமம் தேவையில்லை என்பதால், கார் ஓட்டுவதைத் தடுப்பதுபோல் இதைத் தடுக்க ஓர் அலுவலகம் இல்லை. முடிவு குடும்பத்தின் கைக்கு வந்துவிடுகிறது. வாதிடுவதற்கு முன் ஒரு வாரம் அவருடன் நடந்து போங்கள். சாலையைக் கடக்கும்போது இரு பக்கமும் பார்க்கிறாரா, நெம்புகோலை விட்டால் வண்டி நிற்கும் என்பது அவசரத்தில் அவருக்கு நினைவுக்கு வருகிறதா, பழகிய தெருவில் வழி தவறுகிறாரா என்பவற்றைக் கவனியுங்கள். பதற்றத்தில் இன்னும் இறுக அழுத்துபவர்தான் ஆபத்தானவர்.

கைதான் நடுங்குகிறது, மனம் தெளிவாக இருக்கிறது என்றால், உச்ச வேகத்தையும் புறப்படும் வேகத்தையும் குறைத்து அமைத்துத் தரும்படி விற்பனையாளரிடம் கேட்கலாம். பல வண்டிகளில் அது கணினி வழியே சில நிமிட வேலை. நினைவே தடுமாறுகிறது என்றால் வேகம் குறைப்பது பயன் தராது. ஒரு குடும்பத்தார் சாவியைத் தேநீர்ப் பொடி டப்பாவில் வைத்துக்கொண்டு, மகள் வரும் சனிக்கிழமைகளில் மட்டும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அன்று அவர் மகளோடு மீன் கடை வரை ஓட்டிப் போய் வருகிறார்.